34 இடம் வென்றும் இரண்டு இடம் குறைந்த கதை: இங்கிலாந்தின் நகரசபைத் தேர்தல் முடிவை எப்படிப் படிப்பது?

2024 மே 2, வியாழக்கிழமை. இங்கிலாந்தின் மேற்கே இருக்கும் பிரிஸ்டல் நகரம் தன் நகரசபைக்கு வாக்களித்தது. மறுநாள் முடிவு வந்தது: பசுமைக் கட்சி 34, தொழிலாளர் கட்சி 21, லிபரல் டெமாக்ரட் 8, கன்சர்வேட்டிவ் 7. மொத்தம் 70 இடங்கள்.

பசுமைக் கட்சி பிரிஸ்டலில் வென்றுவிட்டது என்றது செய்தி. அதே செய்தியோடு வந்த அட்டவணையிலோ, பிரிஸ்டலுக்கு எதிரே 'யாருக்கும் பெரும்பான்மை இல்லை' என்று போட்டிருந்தது. முதல் தடவை பார்க்கிறவருக்கு இது குழப்பம்தான். வென்ற கட்சி இருக்கிறது, ஆனால் யாரும் வெல்லவில்லையா? இரண்டுமே சரி. எப்படிச் சரி என்று புரிந்துகொண்டால், இங்கிலாந்தின் எந்த நகரசபைத் தேர்தல் முடிவையும் தைரியமாகப் படித்துவிடலாம். அதனால் பிரிஸ்டலையே பிடித்துக்கொண்டு போவோம்.

முதலில் 'நகரம்' என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். இங்கிலாந்தில் அது மன்னர் தரும் ஒரு பட்டம். பிரிஸ்டலுக்கு அது 1542-இலேயே கிடைத்துவிட்டது. பட்டத்தால் மரியாதை உண்டு, கூடுதல் அதிகாரம் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் நகரசபை இருக்கிறது, பிரிஸ்டலுக்கும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே ஜாதி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் நகரசபை குப்பை அள்ளும், வீட்டுவசதியைப் பார்க்கும், கட்டட அனுமதி தரும். முதியோர் பராமரிப்பும் பெரும்பாலான சாலை வேலையும் அதற்கு மேலே இருக்கிற மாவட்ட அளவிலான கவுன்சிலிடம் இருக்கின்றன. பிரிஸ்டலில் அந்த மேலடுக்கு இல்லை. குப்பையிலிருந்து நூலகம் வரை, ஆதரவற்ற குழந்தைகள் முதல் தெருவிளக்கு வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆகவே, 'நகரசபையைப் பிடித்தார்கள்' என்ற வாக்கியத்தின் எடை ஊருக்கு ஊர் மாறும்.

எல்லாம் என்றேனே, காவல்துறை அதில் இல்லை. அதற்குத் தனியாக ஒரு ஆணையரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே மே 2 அன்று பிரிஸ்டல்காரர்கள் கையில் அந்தத் தேர்தலுக்கான இன்னொரு வாக்குச்சீட்டும் கொடுக்கப்பட்டது. மருத்துவமனைகளும் நகரசபையின் கீழ் வராது.

ஒரு வார்டு, இரண்டு ஓட்டு

2021 மக்கள்தொகைக் கணக்குப்படி பிரிஸ்டலில் ஏறத்தாழ 4,72,000 பேர் வசிக்கிறார்கள். ஊர் 34 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. (34 வார்டு, பசுமைக் கட்சிக்கு 34 இடம் என்பது வெறும் தற்செயல். வார்டுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.) வார்டு ஒன்றுக்கு ஒரு கவுன்சிலர் என்ற பழக்கத்தில் ஊறியவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய ஹாட்வெல்ஸ் வார்டுக்கு ஒரு கவுன்சிலர்தான். கிளிஃப்டனுக்கு இரண்டு. ஆஷ்லிக்கு மூன்று. மக்கள்தொகையைப் பொறுத்து இப்படி.

இரண்டு கவுன்சிலர் உள்ள வார்டில் வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே கட்சிக்குப் போடலாம், பிரித்தும் போடலாம், ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்கும் போகலாம். அதிக ஓட்டு வாங்கிய முதல் இருவர் உள்ளே. அவ்வளவுதான் விதி.

விதி எளிது, விளைவு எளிதல்ல. ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். இரண்டு இடம் உள்ள ஒரு வார்டு. முதல் கட்சியின் வேட்பாளர்கள் 1,500, 1,450 ஓட்டு வாங்குகிறார்கள். இரண்டாம் கட்சி 1,400, 1,350. மூன்றாம் கட்சி 900, 850. பெரும்பாலானவர்கள் கட்சி பார்த்து இரண்டு ஓட்டையும் சேர்த்தே போடுவதால் எண்கள் இப்படி ஜோடி ஜோடியாக நிற்கும். இப்போது முதல் கட்சிக்கு இரண்டு இடமும் போய்விடும். நூறு ஓட்டு வித்தியாசத்தில் பின்தங்கிய இரண்டாம் கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுப்பதுதான் நியாயம் என்று தோன்றலாம். இந்த முறை அப்படி யோசிப்பதில்லை.

இது ஊர் முழுக்க நடந்தால் என்ன ஆகும்? மான்செஸ்டரைப் பாருங்கள். 96 கவுன்சிலர்கள் உள்ள சபை அது. 2016 தேர்தலுக்குப் பிறகு அந்தச் சபையில் எதிர்க்கட்சி என்று இருந்தது ஒரே ஒரு ஆள், லிபரல் டெமாக்ரட் கட்சியின் ஜான் லீச். மீதி 95 பேரும் தொழிலாளர் கட்சி. அந்த ஊரில் தொழிலாளர் கட்சியை விரும்பாதவர்கள் நூற்றில் ஒருவர்தானா? நிச்சயமாக இல்லை. அவர்கள் ஓட்டுகள் ஒவ்வொரு வார்டிலும் இரண்டாம் இடத்தில், மூன்றாம் இடத்தில் சிதறிக் கிடந்தன.

கூட்டத்தில் முந்தியவனே வென்றவன் என்கிற இந்த முறைதான் பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்கும் வந்தது. அதனால் இதன் குணம் நமக்குப் புதிதில்லை. கட்சிகள் அதிகமாக அதிகமாக இதன் கூத்தும் கூடும். பிரிஸ்டலையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்த வட்டார மேயர் பதவிக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்தது. தொழிலாளர் கட்சியின் ஹெலன் காட்வின் வென்றார். அவர் வாங்கியது பதிவான ஓட்டில் நான்கில் ஒரு பங்கு. முக்கால் பங்குப் பேர் வேறு யாருக்கோ போட்டிருக்கிறார்கள். 2022-இல் வந்த தேர்தல் சட்டத்துக்கு முன்பு மேயர் தேர்தல்களில் இரண்டாம் விருப்பத்தையும் குறிக்க இடம் இருந்தது. சட்டம் அதை எடுத்துவிட்டது.

எண்ணும் இரவு

வாக்குப்பதிவு காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை. பள்ளிக்கூடம், சர்ச் கூடம், சமுதாயக் கூடம், இப்படி ஏதோ ஓரிடத்தில் மறைப்புக்குள் ஒரு பென்சில் இருக்கும். பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட வேண்டும். இயந்திரம் கிடையாது. பென்சிலை நம்பாதவர்கள் சொந்தப் பேனாவைக் கொண்டுபோகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

சில ஊர்களில் அன்றிரவே எண்ணுவார்கள், சில ஊர்களில் மறுநாள். அதனால் விடியற்காலையில் வரும் 'யார் முன்னணி' தலைப்புகளை அப்படியே நம்ப வேண்டாம். அது எண்ணி முடித்த ஊர்களின் நிலவரம் மட்டும்.

ஒரு ஓட்டு உள்ள வார்டில் சீட்டுகளை அடுக்கி எண்ணிவிடலாம். ஒரே சீட்டில் இரண்டு மூன்று குறிகள் வெவ்வேறு கட்சிக்கு இருந்தால்? அந்தச் சீட்டுகளை ஒரு பெரிய தாளில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, குறி தெரியும்படி வரிசையாக ஒட்டி, வேட்பாளர் வாரியாகக் குறுக்கே எண்ணிக்கொண்டு போவார்கள். சீட்டுகள் தொங்கும் தோற்றத்தைப் பார்த்து எண்ணுகிறவர்கள் அதற்கு 'புல் பாவாடை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய ஜனநாயகம் கடைசியில் பசையையும் தாளையும் நம்பி நிற்கிறது என்பது எனக்கு ஏனோ பிடித்த விஷயம்.

இருவர் சமமாக ஓட்டு வாங்கினால் தேர்தல் அதிகாரி குலுக்கல் போடுவார். இது ஏட்டில் மட்டும் இருக்கும் விதி இல்லை. 2017-இல் நார்தம்பர்லாந்து கவுன்சிலில் சவுத் பிளைத் வார்டில் கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் சமமாக நின்றார்கள். குச்சி இழுத்துப் பார்த்தார்கள். நீளமான குச்சி லிபரல் டெமாக்ரட் கைக்கு வந்தது. சரி, ஒரு வார்டுதானே என்று விட்டுவிட முடியாது. மொத்தம் 67 இடம், பெரும்பான்மைக்கு 34 வேண்டும், கன்சர்வேட்டிவ் கட்சிக்குக் கிடைத்தது 33. அந்தக் குச்சி வேறு கைக்குப் போயிருந்தால் அது தனிப் பெரும்பான்மைக் கவுன்சில்.

கூட்டல் குறியும் கழித்தல் குறியும்

முடிவு அட்டவணையில் ஒவ்வொரு கட்சிக்கும் எதிரே +10, -7 என்று ஒரு எண் இருக்கும். எதிலிருந்து கூட்டல், எதிலிருந்து கழித்தல் என்பதை முதலில் பார்க்க வேண்டும். வழக்கமாக, அதே இடங்களுக்குக் கடைசியாக நடந்த தேர்தலோடு ஒப்பிடுவார்கள்.

பிரிஸ்டலில் அது 2021. அப்போது தொழிலாளர் 24, பசுமை 24, கன்சர்வேட்டிவ் 14, லிபரல் டெமாக்ரட் 8. இப்போது பசுமைக்கு பத்து கூடியிருக்கிறது. தொழிலாளருக்கு மூன்றும் கன்சர்வேட்டிவுக்கு ஏழும் குறைந்திருக்கின்றன. மூன்றும் ஏழும் பத்து. கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! உடனே 'ஏழு இடத்தில் கன்சர்வேட்டிவ் ஓட்டு பசுமைக்கு மாறியது' என்று எழுதத் தோன்றும். அங்கேதான் வழுக்கும். இவை நிகர எண்கள். ஒரு கட்சி நான்கு வார்டில் தோற்று வேறு இரண்டு வார்டில் வென்றிருந்தாலும் அட்டவணையில் -2 என்று மட்டுமே தெரியும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை வார்டு வாரியாகப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அப்படிப் பார்த்தாலும், யாருடைய ஓட்டு யாருக்கு மாறியது என்று சொல்ல முடியாது; பழைய ஆதரவாளர்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒருவர் ஓட்டுப் போட்டாலே பெரிது என்ற நிலைதான் பல ஊர்களில். வராமல் போனவர்களும் முடிவைத் தீர்மானிக்கிறார்கள்.

இன்னொரு பள்ளம், எத்தனை இடத்துக்குத் தேர்தல் நடந்தது என்பது. பிரிஸ்டலில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 70 இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல். 2021-க்குப் பிறகு 2024-இல் வந்தது, கொரோனாவால் 2020 தேர்தல் ஓராண்டு தள்ளிப்போனதால். மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற நகரங்களில் கதை வேறு. மான்செஸ்டரின் 32 வார்டுகளில் வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள். வழக்கமாக ஒரு தடவைக்கு அந்த மூவரில் ஒருவரின் இடத்துக்குத்தான் தேர்தல். மூன்று ஆண்டு தொடர்ந்து நடக்கும், நான்காம் ஆண்டு ஓய்வு. 2024-இல் மான்செஸ்டர் நகரசபையின் துணைத் தலைவரே தன் வார்டில் தோற்றார், பெரிய செய்தி ஆனது. ஆனால் ஆட்சி அசையவில்லை. அசையவும் முடியாது, மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் அன்று தேர்தலுக்கே வரவில்லை. 'இவ்வளவு பெரிய தோல்வி, அப்புறமும் அவர்களே ஆள்கிறார்களே' என்று யாராவது கேட்டால், முக்கால்வாசி நேரம் பதில் இதுதான்.

34-க்கும் 36-க்கும் நடுவே

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 70 பேர் சபையில் பெரும்பான்மை என்றால் 36. பசுமைக் கட்சியிடம் 34. இரண்டு குறைவு. மற்ற மூன்று கட்சிகளையும் கூட்டுங்கள்: 21, 8, 7. சரியாக 36. மூன்று கட்சிகளும் கைகோத்தால் பெரிய கட்சியைத் தோற்கடிக்கலாம், அதில் ஒரு கட்சி விலகினாலும் முடியாது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு பிரிஸ்டலில் நான்கு ஆண்டு ஓட்ட வேண்டும்.

நாடாளுமன்றமாக இருந்தால் உடனே கூட்டணி, ஆதரவுக் கடிதம், ஆட்சி கவிழ்ப்பு என்று பேச்சு ஓடும். பிரிஸ்டலில் அப்படி ஓடாமல் போனதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது.

2012-இல் இங்கிலாந்தின் பத்து நகரங்களில், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஒன்பது நகரங்கள் வேண்டாம் என்றன. பிரிஸ்டல் மட்டும் வேண்டும் என்றது, அதுவும் நான்கில் ஒருவர்கூட வாக்களிக்க வராத ஒரு வாக்கெடுப்பில். முதல் மேயராக வந்தவர் ஜார்ஜ் ஃபெர்குசன், கட்சி சாராதவர், எப்போதும் சிவப்புக் கால்சட்டை போடுகிறவர். ஊரில் அப்போது புழக்கத்துக்கு வந்திருந்த 'பிரிஸ்டல் பவுண்ட்' என்ற உள்ளூர்ப் பணத்திலேயே தன் முழுச் சம்பளத்தையும் வாங்கினார். 2016-இல் அவரைத் தோற்கடித்து தொழிலாளர் கட்சியின் மார்வின் ரீஸ் வந்தார்.

இந்த ஏற்பாட்டில் முக்கிய முடிவுகள் மேயரும் அவர் பொறுக்கி எடுத்த சிலரும் சேர்ந்து எடுப்பவை. மற்ற கவுன்சிலர்கள் கேள்வி கேட்கலாம், வரவுசெலவுத் திட்டத்துக்கு ஓட்டுப் போடலாம். 'அப்புறம் நாங்கள் எதற்கு' என்ற மனக்குறை வளர்ந்தது. 2022 மே மாதம் இன்னொரு வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் 59 சதவீதம் பேர் மேயர் பதவியே வேண்டாம், கமிட்டி முறை போதும் என்றார்கள். அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது 2024 மே தேர்தலோடு.

கமிட்டி முறையில் வீட்டுவசதிக்கு ஒரு குழு, போக்குவரத்துக்கு ஒரு குழு என்று கொள்கைக் குழுக்கள் இருக்கும். பிரிஸ்டலில் எட்டு அமைத்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் கட்சிகளுக்கு சபையில் எவ்வளவு பலமோ ஏறத்தாழ அந்த விகிதத்தில் இடம். ஆகவே 34 பேர் வைத்திருக்கும் கட்சி ஒவ்வொரு குழுவிலும் பெரிய கட்சியாக இருக்கும், ஆனால் தனியாக எதையும் நிறைவேற்ற முடியாது. ஒவ்வொரு முடிவுக்கும் மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து யாரையாவது இழுக்க வேண்டும். பசுமைக் கட்சியின் டோனி டயர் நகரசபைத் தலைவரானார். பதவியின் பெயர் பெரிது. பழைய மேயரின் கையெழுத்துக்கு இருந்த பலம் இதற்குக் கிடையாது.

இது நல்லதா என்று கேட்டால் என் பதில், வேகம் வேண்டும் என்கிறவருக்குப் பிடிக்காது. கூட்டம் கூட்டமாகப் போகும். ஆனால் பாதிக்கும் குறைவான இடம் வென்ற கட்சி முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைவிட, மக்கள் போட்ட ஓட்டுக்கு இது கொஞ்சம் நெருக்கம் என்று எனக்குப் படுகிறது.

வென்றாலும் பெட்டியில் என்ன இருக்கிறது?

பெரும்பான்மை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். பர்மிங்ஹாமில் 2022 தேர்தலில் 101 இடங்களில் 65 தொழிலாளர் கட்சிக்கு. குச்சி இழுக்கத் தேவையில்லாத வெற்றி. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதே நகரசபை, சட்டத்தின் 114-ஆவது பிரிவின் கீழ் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. எளிய தமிழில் சொன்னால் கைவிரித்துவிட்டது: அத்தியாவசியமில்லாத புதுச் செலவு எதுவும் செய்ய முடியாது. பெண் ஊழியர்களுக்குப் பல காலமாகத் தரவேண்டிய சம சம்பள பாக்கியும், எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு செலவு வைத்த கணினி மாற்றமும் பெரிய காரணங்கள். லண்டனிலிருந்து ஆணையர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நாட்டிங்ஹாமும் அந்த அறிவிப்பைக் கொடுத்தது.

இங்கிலாந்தின் நகரசபைகள் கடன் வாங்கி அன்றாடச் செலவை ஓட்டக்கூடாது. வரவும் செலவும் ஒவ்வோர் ஆண்டும் சமமாக வர வேண்டும். வீட்டுவரியை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. 2024-25-க்கு பிரிஸ்டல் போன்ற சபைகளுக்கு மத்திய அரசு வைத்த உச்சவரம்பு 4.99 சதவீதம். அதற்கு மேலே போக வேண்டுமானால் ஊரில் வாக்கெடுப்பு நடத்தி மக்களிடம் சம்மதம் வாங்க வேண்டும். வரியை ஏற்றச் சம்மதமா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது எல்லாக் கவுன்சிலர்களுக்கும் தெரியும். முதியோர், குழந்தைகள் பராமரிப்பு சட்டப்படி செய்தே ஆக வேண்டியவை. செலவில் பெரும்பங்கை அவையே விழுங்கிவிடும். மிச்சத்தில்தான் கட்சிகள் தங்கள் வித்தியாசத்தைக் காட்ட வேண்டும்.

நம்மவர்களுக்கு ஒரு விஷயம்

இதைப் படிப்பவர்களில் யாருடைய பிள்ளையாவது அங்கே படிக்கிறதா? இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், 18 வயது நிரம்பியிருந்தால், வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்து ஓட்டுப் போடலாம். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. நகரசபைத் தேர்தலுக்கு மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலுக்கும் இது பொருந்தும். மாணவர் விசாவில் போன பலருக்கு இது தெரியாமலேயே படிப்பு முடிந்துவிடுகிறது.

2023 மே முதல் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாளம் கொண்டுபோக வேண்டும். அதற்கு இந்திய பாஸ்போர்ட்டோ இலங்கை பாஸ்போர்ட்டோ போதும். எதுவும் இல்லாதவர்கள் இலவசமாக ஓர் அடையாளச் சான்று விண்ணப்பித்து வாங்கலாம். படிக்கிற ஊரில் ஒரு முகவரியும் இங்கிலாந்திலேயே வேறு ஊரில் ஒரு வீட்டு முகவரியும் இருக்கிற மாணவர், இரண்டும் வெவ்வேறு நகரசபையின் கீழ் வந்தால், இரண்டு ஊரின் உள்ளாட்சித் தேர்தலிலும் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தல் என்றால் ஒரே இடத்தில்தான்.

பிரிஸ்டலில் 70 இடங்களுக்கும் மறுபடி தேர்தல் 2028 மே மாதம் வருகிறது. கிளிஃப்டனில் அறை எடுத்திருக்கும் பிள்ளையாக இருந்தால் சீட்டில் இரண்டு குறி போடலாம் என்று மறக்காமல் சொல்லிவையுங்கள்.